கடல்நீர்த் தொட்டிகளில் கழிவு சேர்தலும் துப்புரவுப் பிராணிகளின் உபயோகமும்

கடற்கரையை அடுத்த தாலூகாக்களில் நிலமுள்ள குடியானவர்களிற் சிலர், சாகுபடியோடுகூட, கொல்லையில் ஒரு கொட்டகை போட்டுக் கடல்நீர்த் தொட்டிகளில் அலங்கார மீன்களை வளர்த்து விற்கும் உபதொழிலையும் கைக்கொண்டு வருகிறார்கள். கோமாளி மீன் என வழங்கும் சிறு மீன் வகைகளைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து, குஞ்சு பொரித்து வளர்த்தெடுக்கும் முறை, மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்த முறையாக நிலைபெற்றுவிட்டது. குஞ்சுகளை வாங்கி விற்பனைப் பருவம் வரையில் வளர்ப்பது வீட்டுப் பெண்களும் செய்யத்தக்க வேலை. இடம் சொற்பமே போதும். மழையை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. ஆயினும் இத்தொழிலில் இறங்குவோருக்கு நேரும் நஷ்டம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. புதுத் தொட்டியில் மீன்கள் முதல் வாரம் நன்றாக இரை எடுக்கின்றன. இரண்டாவது மூன்றாவது வாரங்களில் இரையை வெறுத்து, மேல்நீரில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஒரு நாட் காலையில் பார்க்கும்போது பாதி செத்து மிதக்கின்றன. குஞ்சு விற்றவர் மோசம் செய்துவிட்டார் என்பார் சிலர். கண் திருஷ்டி என்பார் சிலர். காரணமோ தொட்டியின் அடியிலேயே கிடக்கிறது.

இந்நிலையில் கடல் நத்தை, துறவி நண்டு, நட்சத்திர மீன் முதலியவற்றைச் சேர்த்து விற்கும் வியாபாரிகள், இவற்றை விட்டுவிட்டால் தொட்டியைத் துலக்கவே வேண்டாம் என்று சொல்வதுண்டு. இச்சொல்லில் பாதி உண்மை. எந்தப் பாதி உண்மை என்பதை அறிந்துகொண்டு வாங்குவோர் பணத்தையும் மீனையும் ஒருங்கே காப்பாற்றிக்கொள்வர்.

தொட்டியில் நத்தை விடும் வழக்கம் புதிதன்று. லண்டன் நகரில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன சாஸ்திரி 1850ஆம் ஆண்டையொட்டி ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்க மீன்களையும் நீர்ப்பூண்டையும் வைத்து, ஜலத்தை மாற்றாமலே வளர்க்க முடியுமா என்று பரீக்ஷை செய்தார். பூண்டு பிராணவாயுவைக் கொடுத்தது, மீன் பிழைத்தது. ஆனால் பூண்டின் உதிர்ந்த இலைகள் அழுகி ஜலம் கலங்கி வழுவழுப்பாயிற்று. அப்பொழுது அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்று ஜலத்தைத் தெளிவித்தன. அவற்றின் முட்டைகள் மீனுக்கு இரையாயின. பின்னர் அவரே கடல்நீரிலும் இவ்வாறு முயன்றார். மீன் காட்சிசாலை என்னும் அமைப்பே இத்தகைய சோதனைகளிலிருந்து தோன்றியது எனலாம். சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டில் அத்தகைய காட்சிசாலையொன்று திறக்கப்பட்டு, பல்லாண்டுகள் ஜனங்களின் அபிமானத்தைப் பெற்றிருந்து, பிற்காலத்தில் மூடப்பட்டது. வாரிங்டன் வைத்தது இரண்டே மீன்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வியாபாரத்துக்காக நெருக்கி வளர்க்கும் தொட்டியில் இரண்டு மீனின் கணக்கு செல்லாது.

கழிவின் கணக்கு

500 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றில் நாளொன்றுக்கு 10 கிராம் உலர்ந்த தீவனம் போடப்படுவதாக வைத்துக்கொண்டால், அத்தீவனத்தில் புரதச்சத்து நூற்றுக்கு 45 பங்கு இருக்குமானால், 4½ கிராம் புரதம் உள்ளே செல்கிறது. புரதத்தில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு நைட்ரஜன், ஆகவே 0.72 கிராம் நைட்ரஜன் தினந்தோறும் தொட்டியில் சேருகிறது. மீனின் உடலில் தங்குவது இதில் மூன்றிலொரு பங்கு அளவே. எஞ்சியது, சுமார் 0.45 கிராம், செவுள் வழியாக அமோனியாவாகவும், மலமாகவும், தின்னாமல் விட்ட தீவனமாகவும் ஜலத்தில் கலக்கிறது. இதை 500 லிட்டரில் பரப்பினால் லிட்டருக்கு 0.9 மில்லிகிராம் ஆகும். ஒரு நாளைக்கு இவ்வளவு என்றால் பத்து நாளைக்கு எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இங்கே ஏமாந்துபோகிறார்கள். அமோனியா இரு நிலைகளில் நீரில் இருக்கும். அவற்றுள் ஒன்றே மீனுக்குக் கொடிய விஷம். நீர் காரத்தன்மை மிகுந்ததாயின் விஷநிலையிலுள்ள பங்கு அதிகரிக்கும். காரமும் அமிலமும் இல்லாத நடுத்தரமான குளத்து நீரில் இப்பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கடல்நீரோ இயற்கையில் காரத்தன்மையுடையது. காரத்தை அளக்கும் அளவையில் 8.2 அளவில் நிற்பது. நம் கடற்கரையின் வெப்பத்தில், அத்தகைய நீரில் விஷநிலைப் பங்கு நூற்றுக்கு ஏழு எட்டு வரையில் ஏறுகிறது. ஆகவே நன்னீர்த் தொட்டியில் பொறுத்துப் போகும் அதே அழுக்கு, கடல்நீர்த் தொட்டியில் சுமார் பத்து மடங்கு கேடு விளைக்கும். இதற்கு மேலும் ஒரு குறை உண்டு. 28 டிகிரி வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்குமாயின், கடல்நீர் 6.4 மில்லிகிராம் மட்டுமே ஏற்கும்.

நுண்கிருமிகளின் வேலை

வயலில் அமோனியம் சல்பேட் போட்டால் அது சில நாட்களில் நைட்ரேட்டாக மாறுகிறது என்பது குடியானவர்களுக்குத் தெரிந்த விஷயம். இம்மாறுதலைச் செய்வன மண்ணிலுள்ள இருவகை நுண்கிருமிகள் என்று ருஷிய நாட்டு சாஸ்திரி வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் நிரூபித்தார். முதல் வகை அமோனியாவை நைட்ரைட்டாக்குகிறது; இரண்டாம் வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. தொட்டியிலும் நடப்பது இதுவே. அமோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு தீங்கற்றது. ஆனால் மண்ணில் இக்கிருமிகள் எப்பொழுதும் இருக்கும். கழுவித் துடைத்து நிரப்பிய புதுத் தொட்டியிலோ அவை இல்லை. கடல்நீரில் அவை பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். மீன்கள் மூன்றாம் வாரத்தில் சாவதன் மர்மம் இதுதான். மீனை விட்ட பிறகு கிருமி வளரட்டும் என்று இருப்பது, நாற்றை நட்ட பிறகு உழவு ஓட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆகையால் தொட்டியை நிரப்பி, காற்றுக்குழாயை ஓடவிட்டு, மீன் இல்லாமலே ஒன்றரை மாதம் பக்குவப்படுத்த வேண்டும். கிருமிகளுக்கு ஆகாரமாகச் சிறிதளவு அமோனியம் குளோரைடோ, ஒரு சிட்டிகைத் தீவனமோ அவ்வப்போது போடலாம். பழைய தொட்டியின் வடிகட்டியிலிருந்து ஒரு கைப்பிடி சரளையை எடுத்து இட்டால், பாலுக்கு மோர் பிறையிடுவதுபோல், வேலை விரைந்து முடியும். அப்பழைய தொட்டியில் வியாதி இல்லை என்பது நிச்சயமாய்த் தெரிந்திருக்க வேண்டும். கிருமிகள் ஒட்டிக்கொள்வதற்குப் பரப்பு வேண்டும். மேனாடுகளில் இதற்காகப் பவளப்பாறைத் துண்டுகளை உயிருடன் இடுவது வழக்கம். ஜகார்த்தாவிலிருந்த லீ சின் எங் என்பவர் 1961ஆம் ஆண்டில் இம்முறையை எழுதி வெளியிட்டார். பின்னர் அது எங்கும் பரவியது. இந்தியாவில் பவளப்பாறையைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். அதற்கு அவசியமும் இல்லை. நன்கு சுண்டக் காய்ந்த சிப்பி ஓடு, கழுவிய ஓட்டு உடைசல் ஆகியவை அந்த வேலையைச் செய்யும்.

இக்கிருமிகள் கூலியில்லாமல் உழைப்பதில்லை. ஒரு கிராம் நைட்ரஜனை மாற்றுவதற்கு அவை நாலரைக் கிராமுக்கு மேல் பிராணவாயுவை உட்கொள்கின்றன. மேற்சொன்ன தொட்டியில் தினம் உண்டாகும் 0.45 கிராமுக்கு இரண்டு கிராம் பிராணவாயு வேண்டும். தொட்டி முழுவதிலும் ஒரு சமயத்தில் கரைந்திருப்பதோ மூன்று கிராமுக்குச் சற்று மேல். மின்சாரம் நின்றுபோன இரவில் மீன்கள் ஏன் இவ்வளவு விரைவில் திணறுகின்றன என்பது இதனால் விளங்கும். கிருமிகளும் மீன்களும் ஒரே பானையிலிருந்து மூச்சை அள்ளுகின்றன. பாட்டரியால் ஓடும் சிறு காற்றுக்கருவி ஒன்று கொட்டகையில் இருப்பது, விலை உயர்ந்த பிராணிகளையெல்லாம் விட மேலான முதலீடு. மேலும் கிருமிகளின் வேலையால் நீரின் காரத்தன்மை நாளுக்கு நாள் குறையும். நீர் மாற்றாமல் இருந்தால் மேற்படி தொட்டிக்குத் தினம் 5 கிராம் அளவு ஆப்பசோடாவை நீரில் கரைத்துச் சிறுகச் சிறுக விட்டு இதைச் சரிக்கட்டலாம். காரத்தை அளந்து பார்த்துச் செய்வதே முறை.

துப்புரவுப் பிராணிகள்

நத்தைகளை முதலிற் சொல்வது நியாயம். கண்ணாடியிலும் கல்லிலும் படியும் பசும்பாசியைச் சுரண்டித் தின்னும் வகைகள் ஒரு சாரார். மணலில் புதைந்திருந்து, இரையின் வாசனை பட்டதும் துதிக்கை போன்ற குழலை நீட்டிக்கொண்டு எழுந்து வந்து, செத்த மீனையும் மிகுந்த தீவனத்தையும் தின்னும் வகைகள் மற்றொரு சாரார். இவ்விரண்டின் குணத்தையும் அறியாமல், பாசி படிந்த தொட்டிக்குப் பிணந்தின்னி நத்தையையும், தீவனம் மிகும் தொட்டிக்குப் பாசிதின்னி நத்தையையும் வாங்கி விடுவது சாதாரணமாக நடக்கிற பிழை. பின்னது பட்டினி கிடந்து சாகும். செத்த நத்தை ஓட்டுக்குள் அழுகி, தான் நீக்க வந்த அழுக்கைவிட அதிக அழுக்கைத் தொட்டியில் சேர்க்கும். ஆடாமல் கிடக்கும் நத்தையை எடுத்து முகர்ந்து பார்த்தால் உயிருள்ளதா இல்லையா என்பது சந்தேகமறத் தெரிந்துவிடும். கரைப்பாறைகளில் அலை படும் இடத்தில் வாழும் உருண்டை நத்தைகள் பாசியை நன்றாக மேயும். ஆனால் அவை இரவில் தொட்டியை விட்டு ஏறி வெளியே போய் உலர்ந்து சாகும் சுபாவமுடையவை. மூடி வேண்டும். சில வகை நத்தைகள் கவிழ்ந்து மல்லாந்துவிட்டால் தாமே புரள வல்லவையல்ல. காலையில் ஒருமுறை பார்த்து நிமிர்த்தி விடுவது சின்ன வேலைதான்.

துறவி நண்டு காலி ஓட்டில் குடியிருக்கும் நண்டு. எதையும் தின்னும், சந்து பொந்துகளில் கையை விட்டு மிச்சம் மீதியைத் துழாவி எடுக்கும். வளர வளரப் பெரிய ஓடு தேடும். காலி ஓடு கிடைக்காவிட்டால் உயிருள்ள நத்தையைக் கொன்று அதன் ஓட்டைப் பறிக்கும். பெயர் துறவியாயினும் ஆசை பெரிது. நத்தையும் இந்நண்டும் ஒரே தொட்டியில் இருக்க வேண்டுமானால் பல அளவுள்ள வெற்று ஓடுகளை அங்கங்கே போட்டு வைக்க வேண்டும்.

மெல்லிய நீண்ட கைகளையுடைய நட்சத்திர மீன் வகை, பகலில் கல்லடியில் ஒளிந்து, இரவில் வெளிப்பட்டுக் கழிவைப் பொறுக்கும். குறைந்த தீங்குடையது, எண்ணிக்கை அதிகமில்லாமல் வைத்துக்கொள்ளலாம். எனினும் உருவத்தில் பெரிதாக வளரும் பச்சைநிற வகை உறங்கும் சிறு மீன்களைக் கவிந்து பிடித்துத் தின்பதால், குஞ்சுத் தொட்டிக்கு ஆகாது. கடல் முள்ளெலி பாசியைக் கல்லோடு கொறிக்க வல்லது. குஞ்சு வளர்ப்போருக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. சுத்தஞ் செய்யும் இறால் என்று பேர்பெற்ற சிவப்புக்கோட்டு இறால், மீனின் உடலில் ஒட்டும் சிறு பூச்சிகளைப் பொறுக்குவதோடு தீவன மிச்சத்தையும் தின்னும், விலை அதிகம். மணலில் தாமாகவே பெருகும் முடியுள்ள சிறு புழுக்களைக் கண்டு பயந்து பிடுங்கி எறிபவர் உண்டு. அவை தொட்டியின் மண்புழுக்கள், இருக்கட்டும். அவற்றின் தொகை திடீரென்று பெருகினால், தீவனம் அளவுக்கு மிஞ்சிப் போடப்படுகிறது என்பது அதன் பொருள்.

எத்தனை விடுவது என்ற கேள்விக்கு லிட்டர் கணக்கில் விடை சொல்வது வியாபாரியின் வழக்கம். மாட்டை மேய்ச்சலின் அளவுக்கு வாங்குவார்களேயன்றி வேலியின் நீளத்துக்கு வாங்குவதில்லை. 500 லிட்டர்த் தொட்டியில் முதலில் பத்துப் பதினைந்து சிறு நத்தைகள் போதும். ஒரு மாதம் பார்த்துப் பாசி மிகுமானால் கூட்டலாம். இப்பிராணிகள் உப்பின் அளவு திடீரென மாறுவதை மீனைவிடக் குறைவாகவே பொறுக்கும். ஆகவே அவை வந்த நீரில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி இரண்டு மணி நேரம் கலந்து பழக்கிய பின்னரே உள்ளே விட வேண்டும்.

அகற்றுவது யார்?

நத்தை தின்ற பாசி மறைந்து போவதில்லை. அதில் ஒரு சிறு பங்கு நத்தையின் உடலாகிறது. மற்றது நத்தையின் மலமாகவும் அமோனியாவாகவும் அதே நீரிலேயே வந்து விழுகிறது. மூலையில் கிடந்த பெரிய கட்டியை உடைத்துத் தூளாக்கிக் கிருமிகளுக்குக் கொடுப்பதே இப்பிராணிகளின் உபயோகம். அது மெத்த அவசியமான உபயோகமேயாயினும், தொட்டிக்குள் வந்த நைட்ரஜனில் ஓர் அணுவைக்கூட அவை வெளியே கொண்டுபோவதில்லை. எருக்குழியில் கிளறுபவன் வேறு, எருவை வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோகிறவன் வேறு. தொட்டியில் வண்டிக்காரன் உடைமைக்காரரே.

வெளியேற்றும் வழிகள் சிலவே உள்ளன. தலையாயது, அடியில் தங்கும் மலத்தையும் தீவனத்தையும் அழுகுமுன் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது. தினம் மாலையில், தீவனம் போட்டு அரைமணி கழித்து, ஐந்து நிமிஷம் செலவிட்டால் போதும். இரண்டாவது, நீரை மாற்றுவது. ஆனால் நீர் மாற்றுவதொன்றையே நம்பினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மேற்படி தொட்டியில் வாரத்துக்கு 3.15 கிராம் நைட்ரஜன் சேருகிறது. வாரம் ஒருமுறை 100 லிட்டர், அதாவது ஐந்திலொரு பங்கு, மாற்றப்படுகிறது என்றால், உள்ளிருப்பதில் ஐந்திலொரு பங்கே வெளியேறும். இப்படியே மாதக்கணக்கில் நடந்தால், லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் நைட்ரஜன் நைட்ரேட் வடிவில் நிலைத்துவிடும். கோமாளி மீன் இதைத் தாங்கக்கூடும். நத்தையும் இறாலும் தளர்ந்துபோகும். துப்புரவு செய்ய வாங்கிய பிராணிகளே துப்புரவில்லாத நீரால் முதலில் சாகின்றன.

மூன்றாவது வழி நுரை. கடல்நீரில் மிக நுண்ணிய குமிழிகளை அடர்த்தியாக ஏற்றினால், கரைந்திருக்கும் கொழகொழப்பான அழுக்கு குமிழியில் ஒட்டி நுரையாக மேலே வந்து ஒரு கிண்ணத்தில் வழிகிறது. அது அமோனியாவாக மாறுமுன்பே எடுபடுவதே இதன் சிறப்பு. இதற்கான கருவி கடைகளில் விற்கிறது. நான்காவது, கடற்பாசி. கஞ்சிப்பாசி போன்ற வகையைப் பக்கத்திலொரு தனித்தொட்டியில் நல்ல வெளிச்சத்தில் வளர்த்து, அதே நீரை அதன் வழியே சுற்றவிட்டால், பாசி நைட்ரேட்டை உறிஞ்சி வளரும். ஒரு கிலோ ஈரப்பாசியில் ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு கிராம் நைட்ரஜன் அடங்கியிருக்கும். அதை அறுத்து வெளியே எடுத்தால் அவ்வளவும் வெளியேறியதாகும். வாரம் ஒரு கிலோ அறுவடை என்பது சிறிய தொட்டியில் எளிதன்று. அரைக்கிலோ கிடைத்தாலும் நீர் மாற்றும் வேலை குறையும். அறுக்காமல் விட்ட பாசியால் பிரயோஜனமில்லை.

மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர் தேங்கிய நெல்வயலில் நைட்ரேட் காற்றாக மாறிப் பறந்துபோவதுபோல், தொட்டியின் ஆழ்ந்த மணலிலும் நடக்கும். இதை நம்பி நான்கு அங்குலத்துக்கு மேல் மணல் பரப்பும் முறை ஒன்று உண்டு. வளர்ப்புத் தொட்டிக்கு அது உசிதமன்று. கடல்நீரில் லிட்டருக்கு இரண்டரைக் கிராமுக்கு மேல் சல்பேட் இருக்கிறது; காற்றுப் புகாத மணலில் அழுக்கு சேர்ந்தால், அச்சல்பேட் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாறும். மணல் கறுப்பது அதன் அறிகுறி. தெரியாமல் கிளறிவிட்டால் வாயு வெளிப்பட்டு ஒரு பொழுதில் தொட்டி முழுவதும் நாசமாகும். ஓரங்குலத்துக்கு உட்பட்ட மணலை வாரந்தோறும் கிளறி உறிஞ்சுவது, அல்லது மணலே இல்லாமல் வெற்றுத் தளமாக வைப்பது, நிலத்தில் வேலையுள்ளவர்களுக்கு ஏற்றது.

வெயில் காலத்தில் தொட்டி நீர் வற்றும்போது கடல்நீரையே ஊற்றி நிரப்புவோர் பலர். வற்றுவது ஜலம், உப்பு வற்றுவதில்லை. நாளொன்றுக்கு 5 லிட்டர் வற்றி, அதைக் கடல்நீரால் ஈடுசெய்தால், ஒரு மாதத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் உப்பு கூடும். லிட்டருக்கு 35 கிராம் இருந்தது 45 கிராமைத் தாண்டும். வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீரே ஊற்ற வேண்டும். உப்பளங்களில் உப்புநீரின் பாகை பார்க்கும் கருவியைக்கொண்டே இதைக் கண்காணிக்கலாம். நல்ல கடல்நீர் அதில் சுமார் 3½ பாகை காட்டும்.

மயில்துத்தம் திராட்சைக்கும் வெற்றிலைக்கும் மருந்தாகப் பலர் வீட்டிலும் இருப்பது. மீன் வியாதிக்கும் செப்பு மருந்து உண்டு. ஆனால் நத்தை, நண்டு, இறால், நட்சத்திர மீன் ஆகியவற்றுக்குச் செம்பு மிகச் சொற்பமாயினும் எமன். மேலும் செம்பு மணலிலும் சிப்பி ஓட்டிலும் ஏறித் தங்கி, பின்னர் நெடுநாள் கசியும். வியாதிப்பட்ட மீனை வேறு வெறுந்தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் செய்வதன்றி, துப்புரவுப் பிராணிகள் உள்ள தொட்டியில் செப்பு மருந்தை விடலாகாது. தெளிப்பு வேலை செய்த கையை நன்கு கழுவாமல் தொட்டியில் விடுவதும் கூடாது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. மணலைத் தின்று சுத்தப்படுத்துவதில் கடல் அட்டைக்கு நிகர் இல்லை என்பது மெய். ஆனால் கடல் அட்டை, பவளம், கடற்குதிரை ஆகியவை 2001ஆம் ஆண்டு முதல் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காப்புப் பெற்றவை. கடலிலிருந்து இவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாகும். இலங்கையின் வடகரையில் அட்டையை அனுமதி பெற்றுப் பட்டி கட்டி வளர்க்கிறார்கள் என்பதைக் காட்டி இங்கேயும் விற்க வருவோருண்டு. அந்நாட்டுச் சட்டம் வேறு. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையேயுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986ஆம் ஆண்டு முதல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து நத்தையோ கல்லோ எடுத்துவருவதற்கும் இடமில்லை. தவிரவும் அட்டையானது அச்சமுற்றாலோ, யந்திரத்தில் சிக்கினாலோ, மீனைக் கொல்லும் நஞ்சை நீரில் கக்கவல்லது. சட்டம் இல்லாவிட்டாலும் சிறு தொட்டிக்கு அது பொருத்தமானதல்ல.

இறால் குட்டை வைத்திருப்போருக்கும் இதே கணக்கு, அளவு மட்டும் பெரிது. புரதம் நூற்றுக்கு 35 பங்குள்ள தீவனம் ஒரு டன் போட்டால் 56 கிலோ நைட்ரஜன் குட்டைக்குள் செல்கிறது. இறாலோடு கரையேறுவது போக 40 கிலோவளவு, அதாவது 45 கிலோ மூட்டையாக இரண்டு மூட்டை யூரியாவில் உள்ள அளவு, நீரிலும் சேற்றிலும் நிற்கிறது. மடவை, பால் கெண்டை முதலிய மீன்கள் அடிக்கழிவையும் பாசியையும் மேய்வதால், வெளியேறும் நீர் தங்கும் வாய்க்காலிலும் குட்டையிலும் அவற்றை விடுவது நல்லது; பிடித்து விற்றால் அவ்வளவு கழிவு நிஜமாகவே வெளியேறும். பச்சை மட்டியும் சிப்பியும் நீரில் மிதக்கும் நுண்பாசியை வடித்துத் தின்னும். இவை இருந்தாலும், ஒரு போகம் முடிந்ததும் குட்டையை வடித்து, வெடிப்பு விடும் வரையில் காயப்போட்டு, கறுத்த சேற்றை வாரி எடுப்பதை விட முடியாது.

அச்சேற்றையும், தொட்டியிலிருந்து மாற்றிய நீரையும் எங்கே விடுவது என்பதில் அலட்சியம் கூடாது. வாரம் 100 லிட்டர் கடல்நீரில் 3½ கிலோ உப்பு இருக்கிறது. வருஷத்துக்கு 182 கிலோ. நைட்ரேட் இருப்பதால் உரமாகும் என்று எண்ணிக் கீரைப்பாத்திக்கும், தென்னை உப்பைத் தாங்கும் என்று எண்ணி மரத்தடிக்கும் விடுகிறவர்கள் உண்டு. தென்னை தாங்கினாலும் அதன் அடியில் ஊறும் கிணறு தாங்காது. பக்கத்து நிலத்துக்காரரின் கிணற்றில் உப்பு ஏறினால் தாவாவாக முடியும். ஆகவே கொட்டகை போடுமுன்பே, இந்நீர் ஊர்க்கிணறுகளுக்கும் நன்செய் வாய்க்கால்களுக்கும் எட்டாத வழியாக உப்பங்கழிக்கோ கடலுக்கோ போய்ச் சேர வழியுண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்நீரில் வியாதிப்பட்ட மீன் இருந்ததாயின், சலவைத்தூள் இட்டு ஒரு நாள் வைத்திருந்து, காற்றூட்டி வாடை முற்றும் போன பிறகே விட வேண்டும். வெளியூரிலிருந்து வாங்கிய நத்தையோ நண்டோ வேண்டாமென்று தோன்றினால், அதை உள்ளூர்க் கடலில் கொண்டுபோய் விடாமல், வாங்கியவரிடமே திருப்பிக் கொடுப்பது முறை.